மேலிருந்து பார்த்தால்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் செயற்கைக்கோள் படங்களைப் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கத்துக்கு இத்தனை கடிதங்கள் வருமென்று நினைக்கவில்லை. ஹைதராபாத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தப் படங்களைப் படிப்பதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. இப்போது அறச்சலூர்ப் பக்கம் அப்பாவின் தோட்டத்தில் மஞ்சள் போட்டிருக்கிறேன். களையெடுக்க ஆள் வராத நாட்களில் எழுதிய பதில்கள் நீளமாக இருக்கும். ஆள் வந்த நாட்களில் எழுதியவை சுருக்கமாக இருக்கும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, நான் மூன்று வருடத்துக்கு முன்பு இடித்த மாட்டுக் கட்டுத்தரை செல்போன் வரைபடத்தில் இன்னும் அப்படியே நிற்கிறது. செயற்கைக்கோள் ராத்திரி பகலாக மேலே சுற்றுகிறது என்கிறீர்களே, அதற்குக் கண் தெரியாதா?
— பெருந்துறை வாசகர்

கண் தெரியும். ஆனால் நீங்கள் பார்ப்பது இன்றைய காட்சி இல்லை. வெவ்வேறு நாட்களில் எடுத்த படங்களைக் கந்தல் போர்வைபோல ஒட்டுப்போட்டுத் தைத்ததுதான் செல்போன் வரைபடம். தென்னை மரத்தை எண்ணும் அளவுக்குத் தெளிவான படங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பெருநகரங்களுக்கு அடிக்கடி வாங்குவார்கள். உங்கள் கட்டுத்தரைக்காக யார் வாங்குவார்கள்?

இலவசமாகக் கிடைக்கும் படங்கள் வேறு. அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வருகின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசை ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. எல்லாம் காலை பத்து, பத்தரை மணி வாக்கில்தான், அதாவது நாம் பழைய சோறு குடித்துவிட்டு இரண்டாவது தடவை காட்டுக்குள் இறங்கும் நேரத்தில். லேண்ட்சாட் படத்தின் மிகச் சிறிய துண்டான ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். அந்த 22 சென்டில் வீடு, கிணறு, வேப்பமரம், மாடு எல்லாம் இருந்தாலும் அது ஒரே நிறமாகத்தான் தெரியும். சென்டினல்-2 புள்ளி இரண்டரை சென்ட். ஒரு ஏக்கர் தோட்டம் முன்னதற்கு நாலரைப் புள்ளி, பின்னதற்கு நாற்பது புள்ளி.

நாள் முழுக்க நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும் செயற்கைக்கோளும் உண்டு. 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் அப்படிப்பட்டது. டிவியில் மேகம் நகர்வதைக் காட்டுகிறார்களே, அந்த வகைப் படம் இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அது நிற்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அதன் மிகக் கூர்மையான புள்ளியே ஒரு சதுர கிலோமீட்டர், அதாவது 247 ஏக்கர். பக்கத்தில் இருப்பது எப்போதாவதுதான் வரும், எப்போதும் இருப்பது எட்டத்தில்தான் நிற்கும். உறவுக்காரர்களைப் பற்றி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

செயற்கைக்கோள் படத்தில் எங்கள் வயலெல்லாம் ரத்தச் சிவப்பாக இருக்கிறது. பேராசிரியர் 'அதுதான் பச்சை' என்கிறார். ஏன் பச்சையைப் பச்சையாகவே காட்டக் கூடாது?
— கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி

அம்மிணி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது, சிவப்பையும் நீலத்தையும் தின்றுவிட்டுப் பச்சையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புவதால். அந்தக் கொஞ்சம் மிகவும் கொஞ்சம். இலை உண்மையில் வாரி இறைப்பது நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை. விழுவதில் பாதியளவைத் திருப்பி அடித்துவிடும். இலைக்குள் உள்ள செல்களும் காற்றிடைவெளிகளும் செய்யும் வேலை அது. பயிர் வாடத் தொடங்கினால் இந்தக் கணக்கு மாறும். சில நேரம் நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே மாறும். கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் திரையில் காட்ட ஏதாவது ஒரு நிறம் கடன் வாங்கியாக வேண்டும். சிவப்பைக் கடன் வாங்கினார்கள். அதனால் வாழையும் நெல்லும் கரும்பும் சிவப்பு. உழுத காடு சாம்பல் கலந்த நீலப்பச்சை. ஆழமான தண்ணீர் கறுப்பு.

இந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு உங்கள் ஊரைப் பாருங்கள். பவானிசாகரில் புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் போகிறது. மேட்டின் சரிவை ஒட்டியே வளைந்து வளைந்து போகும் வாய்க்கால் அது. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் பாயும் என்பதால் பாசனம் கீழ்ப்புறத்தில்தான். படத்தில் வாய்க்காலின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெளிறிய மேட்டாங்காடு. வெட்டுக்கத்தியால் கீறிய மாதிரி இருக்கும். நான் ஹைதராபாத்தில் முதன்முதலில் இந்தப் படத்தைத் திரையில் பார்த்தபோது எங்கள் பூமி எந்தப் பக்கம் என்று தேடினேன். கோட்டுக்குக் கீழே நான்கு ஏக்கர், மேலே மூன்று ஏக்கர். என் தாத்தா இரண்டு மகன்களுக்கும் பாகம் பிரித்தபோது ஏன் அவ்வளவு சண்டை என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

இன்னொன்று. கீழ்பவானியில் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு. அவ்வளவுக்கும் ஒரே போகத்தில் தண்ணீர் கிடையாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து ஒரு போகத்துக்கு 1,03,500 ஏக்கர். ஆகஸ்ட் நடுவில் விடும் தண்ணீர் நெல்லுக்கு. ஜனவரியில் விடும் தண்ணீர் மற்ற பாதியின் கடலை, எள்ளுக்கு. ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் தண்ணி குடிப்பது மாதிரி. ஆனால் என்னோடு வேலை பார்த்த ஒரு தெலுங்குக்காரர் மார்ச் மாதப் படத்தைப் பார்த்துவிட்டு, "இங்கே ஏதோ நோய் விழுந்திருக்கிறது, விட்டுவிட்டுப் பயிர் இருக்கிறது" என்று குறிப்பு எழுத ஆரம்பித்தார். நல்ல திறமைசாலி. அவரிடம் குற்றமில்லை. வாய்க்காலில் எந்த மதகுக்கு எப்போது முறை என்பது ஆகாயத்தில் எழுதியிருக்காது. மதகுக் கணக்கைச் சொன்னதும் அவரே நவம்பர் படத்தை எடுத்து மேலே வைத்தார். வெறுமையாக இருந்த பட்டைகளில் சிவப்பும், சிவப்பாக இருந்தவற்றில் வெறுமையும் பெரும்பாலும் மாறி மாறிப் பொருந்தின. கிணறு வைத்திருப்பவர்களின் தோட்டம் மட்டும் இரண்டு படத்திலும் சிவப்பு.

உன் பேராசிரியர் ஒரு படத்தைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னால், இன்னொரு மாதத்துப் படத்தையும் கேள். தரமாட்டேன் என்றால், லேண்ட்சாட் தொகுப்பு 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். நீயே எடுத்துக்கொள்.

சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியுமா?
— பவானி வாசகர்

வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 2003-இல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவெய் திரும்பி வந்து, தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நீளம் இருந்து என்ன செய்ய, அகலம் வேண்டுமே.

எங்கள் ஊர்க் குளம் நிரம்பிக் கிடக்கிறது. இணையத்தில் செயற்கைக்கோள் படத்தில் தேடினால் அங்கே தண்ணீரே இல்லை, பயிர் மாதிரித் தெரிகிறது. அதிகாரிகள் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு குளமே இல்லை என்று சொல்லிவிடுவார்களோ?
— சூலூர் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

குளத்தில் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் படர்ந்திருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன்.

ஏனென்றால் இதே குழியில் நானே விழுந்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கோவை மாவட்டத்து நீர்நிலைக் கணக்கில், ஒரு பெரிய குளத்தின் முக்கால்வாசியைக் கீரை, காய்கறி விளையும் பூமி என்று குறித்துவிட்டேன். இத்தனைக்கும் அந்தக் குளக்கரையில் சின்ன வயதில் பஸ்ஸுக்கு நின்றவள். மேலதிகாரி ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட் போட்டுக் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். கரையில் நின்றால் இடுப்பளவு உயரத்துக்கு ஆகாயத்தாமரை, ஊதாப் பூ, மேலே கொக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு கல்லை விட்டெறிந்தேன். 'தொபுக்' என்றது. திரும்பி ரயில் ஏறும் வரை காதில் அந்தச் சத்தம்தான்.

தண்ணீர் மேலே மெத்தைபோல இலை மூடிவிட்டால் செயற்கைக்கோளுக்கு அது இலைதான். இதை உடைக்கச் சில வழிகள் உண்டு. வருடம் முழுக்க உள்ள படங்களை வரிசையாக வைத்தால், பயிர் என்றால் உழவு, நடவு, அறுவடை என்று ஏறி இறங்கும். ஆகாயத்தாமரைக்கு அறுவடை கிடையாது. அது கோடையிலும் பச்சை, காற்றடித்தால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகரும். நடந்துபோகும் வயலை யாராவது பார்த்ததுண்டா? இந்த நகர்வைப் பார்த்தாலே விஷயம் வெளியில் வந்துவிடும்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். 2024 ஆகஸ்டில் திறந்த நாள் முதல் எனக்கு இதே நினைப்புதான். காலிங்கராயன் அணைக்கட்டின் உபரியை ஆறு இடத்தில் பம்ப் செய்து மேடேற்றுகிறார்களே, எந்தக் குட்டைக்கு வந்தது, எதற்கு வரவில்லை என்பதை ஐந்து நாளுக்கு ஒருமுறை மேலிருந்தே எண்ணலாம். ஆனால் பாதிக் குட்டைகளில் சீமைக்கருவேலம் நிற்கும். தண்ணீர் வந்தாலும் மரத்துக்கு அடியில் நிற்கும். அங்கே எண்ணுகிறவர் காலில் சேறு பட்டே ஆகவேண்டும்.

உங்கள் குளத்தைப் பற்றி: படத்தைப் பார்த்து அதிகாரி தப்பாகச் சொன்னால், ஒரு கல்லோடு கரைக்குக் கூட்டிப் போங்கள்.

நொய்யலில் சாயம் போவதை மேலிருந்து பிடிக்க முடியுமா?
— திருப்பூர் வாசகர்

தண்ணீரின் நிறம் வெகுவாக மாறி, ஆறும் அகலமாக இருந்தால் ஓரளவு முடியும். நொய்யலில் தண்ணீர் ஓடும் அகலம் பல இடத்தில் இரண்டு மூன்று புள்ளிகூட வராது. அதைவிடப் பெரிய தடை வேறு. சாயத்தோடு வரும் உப்புதான் பூமியைக் கெடுத்தது. நிறத்தை நீக்கிவிட்டு உப்பை மட்டும் விட்டால், படத்தில் தெளிந்த தண்ணீர் மாதிரியே இருக்கும். செயற்கைக்கோளுக்கு நாக்கு கிடையாது.

ஆனால் விளைவு தெரியும். பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. இந்த இரண்டு ஆண்டுக்கும் இடைப்பட்ட படங்களை நீங்களே வரிசையாகப் பாருங்கள். அணைக்குக் கீழே எந்தக் காடு எந்த ஆண்டு பயிரை விட்டது என்று தேடுங்கள். சலித்துப்போகாமல் பார்த்தால் கிடைக்கும். காரணம் உப்பா, மழையில்லாததா, மகன் பனியன் கம்பெனிக்குப் போனதா என்பதை அந்தக் காட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வருகிறது. பூமிக்கடியில் தண்ணீர் எங்கே என்று செயற்கைக்கோளில் பார்த்துச் சொல்வீர்களா? தேங்காய் வைத்துப் பார்ப்பவர் இரண்டு தடவை ஏமாற்றிவிட்டார்.
— பல்லடம் வாசகர்

மூன்றாவதாக நானும் ஏமாற்ற விரும்பவில்லை.

நிலத்தடி நீரை எடைபோட்ட செயற்கைக்கோள் ஒன்று இருந்தது. சரியாகச் சொன்னால் இரண்டு. கிரேஸ் என்று பெயர், 2002-இல் ஏவினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஓடும். கீழே எடை அதிகமான பகுதி வந்தால் முன்னால் போவதைப் பூமி கொஞ்சம் இழுக்கும், இடைவெளி மாறும். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய மாற்றத்தையும் அது அளந்தது. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் காலியானது என்று 2009-இல் அந்த அளவை வைத்துத்தான் சொன்னார்கள். நமக்குப் புரியும்படி: பவானிசாகர் நிறைந்தால் 32.8 டிஎம்சி. அப்படி 117 பவானிசாகர்.

ஆனால் அது தூக்கும் தராசு சாக்குமூட்டைத் தராசு. சில நூறு கிலோமீட்டர் அகலத்துக்குக் குறைந்தால் அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பல்லடம் தாலுகாவே அதன் கண்ணில் ஒரு தூசி, உங்கள் போர் குழி எங்கே? நம் பகுதியில் அடியில் இருப்பது கரும்பாறை. பாறை வெடிப்பில் இருந்தால்தான் தண்ணீர். நீளமான வெடிப்புக் கோடுகளைப் படத்தில் அடையாளம் கண்டு, அந்தக் கோட்டின் மேல் தரையில் மின்தடை அளந்து பார்ப்பது உண்டு. அதுவும் வாய்ப்பைக் கூட்டும், உத்தரவாதம் தராது. இன்னொரு இருநூறு அடி இறக்குவதற்கு முன்பு அந்தக் காசில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டப் பாருங்கள். மழை வந்தால் அது மேலிருந்தும் தெரியும், கீழிருந்தும் தெரியும்.

மார்ச் மாதம் தீ காட்டும் வரைபடத்தில் எங்கள் தோட்டத்தின் மேல் சிவப்புப் புள்ளி வந்தது. பதறிப்போய்விட்டோம். ஒன்றுமே எரியவில்லை.
— சத்தியமங்கலம் வாசகி

பக்கத்தில் யாராவது கரும்புச் சோகைக்குத் தீ வைத்திருப்பார்கள். தீயைப் பார்க்கும் செயற்கைக்கோள் கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டர், சுமார் 35 ஏக்கர். அதற்குள் எங்கே சூடு இருந்தாலும் நடுவில்தான் பொட்டு வைக்கும். நடுவில் உங்கள் தோட்டம் இருந்தது, அவ்வளவுதான். என் தோட்டத்துக்கும் ஒருமுறை வந்தது. நான் போய் விசாரித்ததில் மூன்று வீட்டாருடன் பேச்சு வார்த்தை நின்றதுதான் மிச்சம்.

மழைக்காலத்தில் மலைச்சரிவைக் காட்ட முடியாமல் படமெல்லாம் வெள்ளையாக மேகம். அவசரத்துக்கு உதவாத படம் எதற்கு? வால்பாறையில் இருப்பவர்களின் பயம் உங்களுக்குத் தெரியாது.
— வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர்

தெரியும் என்று சொல்லமாட்டேன். நான் சமவெளியில் தூங்குகிறவள்.

மேகத்துக்குள் பார்க்க ரேடார் வேண்டும். அது தானே நுண்ணலையை அனுப்பித் திரும்பி வருவதை வாங்கும். மேகமும் இரவும் அதற்குத் தடையில்லை. வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் போனது. மறுநாளே நம் ரிசாட் எடுத்த ரேடார் படமும், 2023 மே மாதம் கார்ட்டோசாட்-3 எடுத்த தெளிவான படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. பெயர்ந்த இடம் 86,000 சதுர மீட்டர், அதாவது இருபத்தொரு ஏக்கர். மண்ணும் பாறையும் ஓடிய தூரம் எட்டு கிலோமீட்டர். மீட்புக்காரர்களுக்கு அந்தப் படம் உதவியது. படுத்திருந்தவர்களுக்கு உதவவில்லை. இதைப் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை.

ஆனால் அதே இடத்தில் ஏற்கெனவே ஒரு பழைய சரிவு இருந்தது, அது பதிவாகியும் இருந்தது. எந்தச் சரிவு முன்பு சரிந்திருக்கிறது என்ற பட்டியல் மேலிருந்து எடுக்கக்கூடியது. உங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே அப்படி ஏதும் இருக்கிறதா என்று மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேட்கலாம். கேளுங்கள்.

வயநாடு நடந்து சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 30 அன்று, நைசார் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. நம் இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து செய்தது. இரண்டு ரேடார். அதில் ஒன்றின் அலை நீளமானது, மரத்தின் இலையைத் தாண்டி உள்ளே போகும். 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வந்து, தரை சென்டிமீட்டர் கணக்கில் நகர்ந்திருந்தாலும் ஒப்பிட்டுக் காட்டும். மெல்ல மெல்ல நழுவும் சரிவை இதில் கண்டுபிடிக்கலாம். ஒரே இரவில் கொட்டும் மழையில் உடைவதை இதுவும் முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு மழைமானியும், ராத்திரியில் கதவைத் தட்ட ஒரு ஆளும் வேண்டும்.

எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலியைப் பக்கத்துக்காரர் வருடா வருடம் தள்ளிக்கொண்டே வருகிறார். பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை வைத்து நிரூபிக்க முடியுமா? வேலியோரம் ஒரு வேப்பமரமும் இருக்கிறது. அது எங்களுடையது. இடம் எழுதியிருக்கிறேன், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.
— காங்கேயம் வாசகர்

பார்த்தேன். காங்கேயத்துக் கொறங்காடுகளை மேலிருந்து பார்ப்பதைவிட அழகான காட்சி எனக்கு வேறில்லை. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் கிளுவையால் கரை போட்ட சேலை மாதிரி. உங்கள் கட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதில் முக்கால் மணி நேரம் மற்றவர்களுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலி விவகாரத்துக்கு வருகிறேன். கிளுவை வளர்ந்தால் மூன்று நான்கு அடி அகலம் தானாகவே பருத்துவிடும். இலவசப் படங்களில் கூர்மையான சென்டினல்-2 படத்தின் ஒரு புள்ளியே சுமார் முப்பத்துமூன்று அடி. உங்கள் தகராறு மொத்தமும் ஒரு புள்ளிக்குள் அடக்கம். செல்போனில் வரும் கூர்மையான படத்தில் வேலி தெரிகிறது, மரமும் தெரிகிறது. ஆனால் அந்தப் படங்கள் நேர் மேலிருந்து எடுத்தவையாக இருப்பதில்லை. சாய்வாக எடுத்தால் உயரமான மரத்தின் தலை ஒரு பக்கம் சாய்ந்து விழும். படமே சில மீட்டர் தள்ளிப் பொருந்தியிருக்கவும் கூடும். தாலுகா அலுவலகத்தில் புல வரைபடத்துக்கு எழுதிக் கொடுத்து, சர்வேயரை வரவழையுங்கள். அளக்கும்போது பக்கத்துக்காரரும் கூட நிற்கட்டும்.

வேப்பமரத்தின் தலை படத்தில் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதை இங்கே எழுதமாட்டேன். உங்கள் பக்கத்துக்காரரும் இந்த இதழுக்குச் சந்தா கட்டியிருக்கிறார். அவர் கடிதமும் என்னிடம் வந்திருக்கிறது.